துரையின் வீட்டைப் பற்றி ஒரு கேள்வி

சிங்காநல்லூர் மில்லில் வெள்ளைக்கார மானேஜருக்கு நான்தான் குமாஸ்தா, நான்தான் துபாஷி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் பக்கம் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை என்னைப்போல் கரைத்துக் குடித்தவன் எவனுமில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? குடும்ப ரகசியத்தை வெள்ளைக்காரர்கள் அலமாரிக்குள் இருக்கும் எலும்புக்கூடு என்பார்கள். வீட்டுச் சண்டை வெளியே தெரிந்தால், ஊர் பார்க்க அழுக்குத் துணி வெளுத்ததாகச் சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற பாஷை அது.

ஒருநாள் நூல் சுற்றும் பகுதிக்கு ஆள் எடுத்தோம். கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து ஒருத்தி வந்து மேஜை முன்னால் நின்றாள். புருஷன் செத்துப்போய்விட்டான். இந்த வேலை கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில்தான் போய் நிற்கவேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா நின்றாளா? எங்கள் வழக்கப்படி அவளும் விசாரித்தாள்.

“ஏனுங்க தொரை, ஊட்டுக்காரம்மா சௌக்கியமுங்களா? கொழந்தைங்க எத்தனைங்க?”

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “அவள் வேலையை அவள் பார்க்கட்டும் என்று சொல்” என்றார்.

அதைத் தமிழில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போயிருப்பாள், ரோஷக்காரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஐயா, எங்கள் கொங்கு நாட்டில் ஒருவரை மதித்தால்தான் வீட்டைப் பற்றிக் கேட்போம். கேட்காமல் போனால்தான் அவமரியாதை” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்!

துரை பேனாவை மூடிவைத்தார். “ஒரே பெண் இருந்தாள். போன வருஷம் சீமையில் காய்ச்சலில் போய்விட்டாள். சொல் அவளிடம்” என்றார். ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

சொன்னேன். “அட சாமி!” என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “பெத்த வயிறு எப்படிங்க தாங்கும்? தொரை நேரத்துக்குச் சாப்பிடறாருங்களா?”

ஓர் எழுத்து விடாமல் அதையும் சொன்னேன். துரை தலையாட்டினார்.

“அவளுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“மூணுங்க தொரை.”

“நாளைக் காலையிலிருந்து வேலைக்கு வரச் சொல்.”

“வாரேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊர்ப் பேச்சை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கோப்புகளை எடுத்துக்கொண்டு நானும் எழுந்தேன். துரை என்னை உட்காரச் சொன்னார்.

“உனக்கு எத்தனை பிள்ளைகள்?”

நாலு என்றேன். பெயர்களைக் கேட்டார்.