ஹாஜிரா பீயின் கடைசிப் பக்கச் சீட்டு

போன வருஷத்துக் காலண்டர் தாளை மேசையில் கவிழ்த்துப் போட்டு, அதன் நடுவில் புத்தகத்தை வைத்து, ஓரங்களை நகத்தால் அழுத்தி மடித்துக்கொண்டிருந்தார் ஹாஜிரா பீ. அட்டை போட்டு முடித்ததும் புத்தகத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் மைதாப் பசை தடவி ஒரு வெள்ளைச் சீட்டை ஒட்டினார். சீட்டின் தலையில் நீல மையில் ஒரே வார்த்தை: ‘செய்தது.’

மயிலாப்பூர் பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்த வாடகை நூலகம் அவர் கணவர் மெஹபூப் பாஷா வைத்தது. பாஷா இருந்தவரை துப்பறியும் கதையும் குடும்ப நாவலும்தான் ஓடின. இப்போது வருகிறவர்கள் தூக்கம் வர வழி, பணம் சேர்க்க வழி, கோபம் அடங்க வழி என்று கேட்கிறார்கள். ஹாஜிரா பீ கதைகளைப் பின் அலமாரிக்குத் தள்ளிவிட்டு, வழி சொல்லும் புத்தகங்களை முன்னால் கொண்டுவந்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். படித்து என்ன செய்தாய் என்று சீட்டில் ஒரு வரி எழுதினால்தான் அடுத்த புத்தகம். ‘நன்றாக இருந்தது’ செல்லாது. கோபத்தைப் பற்றிய புத்தகத்தில் அப்படி எழுதிக் கொடுத்த ருக்சாரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அவள் ஒரு வாரம் கழித்து, ‘மாமியார் ஆரம்பித்ததும் பால் காய்ச்சப் போய்விட்டேன்’ என்று எழுதி வந்தாள். ஹாஜிரா பீ பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டார்.

அவருக்கு மிகவும் பிடித்த வாசகர் வடிவேலு. நாற்பத்து மூன்று வயது. நந்தனத்தில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறார். பதினாறு வருஷ வேலை. ஜனவரியிலிருந்து பத்துப் புத்தகம் படித்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒழுங்கான வரி, ஒழுங்கான டிக்.

அன்று மாலை வடிவேலு பதினோராவது புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். மனசுக்குப் பிடித்த தொழிலைச் செய் என்று சொல்லும் புத்தகம். ஹாஜிரா பீயே எடுத்துக் கொடுத்ததுதான். நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ‘நாளைக்குக் காலையில் வேலையை விடப் போகிறேன்.’

“இன்னாப்பா இது? ‘போறேன்’னு போட்டுக்கீறே? செஞ்சத எழுதச் சொன்னா செய்யப்போறத எழுதற. செல்லாது.”

“லெட்டரே ரெடி பாயம்மா.” வடிவேலு சட்டைப் பையைத் தட்டினார். “ஒம்போது மணிக்குக் குடுத்துருவேன். பாலவாக்கத்துல டிபன் வண்டி போடப் போறேன்.”

“டிபன் வண்டி? நீ வூட்ல ஒரு தோச திருப்பிக்கீறியா?”

“கிண்டல் பண்ணாத பாயம்மா. எத்தப் படிச்சாலும் தெம்பு நிக்க மாட்டேங்குது. சாயங்காலம் ஆனா ஸ்டியரிங்கு முன்னாடி கண்ணு மங்கிப் போவுது. வேல மேல மனசு இல்லன்னா ஒடம்பு இப்டித்தான் காட்டிக் குடுக்கும்னு இந்தப் புக்லயே போட்டுக்கீது. கொஞ்சம் தண்ணி குடேன்.”

மேசை மேல் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை நீட்டினார் ஹாஜிரா பீ. வடிவேலு அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

“எப்டி எழுதினுருந்தவன் இப்ப எப்டி எழுதறான் பாரு. உன் சீட்டையே காட்றேன், குந்து.” அலமாரியைத் துழாவி, வடிவேலு படித்த புத்தகங்களில் கைக்குக் கிடைத்த ஐந்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, தேதிவாரியாக மேசையில் பரப்பினார். வடிவேலுவை வெட்கப்பட வைப்பதுதான் எண்ணம். சத்தமாகவே படித்தார்.

உடற்பயிற்சி, ஜனவரி: ‘பத்து நாள்தான் நடந்தேன். நாலு கிலோ குறைந்துவிட்டது.’

அதிகாலை எழுவது, மார்ச்: ‘அலாரம் இல்லாமலே எழுகிறேன். ராத்திரியில் மூன்று தடவை.’

உணவுப் பழக்கம், ஏப்ரல்: ‘எட்டு டம்ளர் தண்ணீர் சொன்னார்கள். பதினைந்து குடிக்கிறேன்.’

சிக்கனம், ஜூன்: ‘பேண்ட் நிற்கவில்லை. புது பெல்ட் வாங்காமல் பழைய பெல்ட்டில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டேன்.’

பொறுமை, ஆகஸ்ட்: ‘செருப்பு கடித்த புண் ஆறவில்லை. பொறுமையாக இருக்கிறேன். ஆறாவது வாரம்.’

கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் இறங்கியிருந்தது. ஜனவரியில் எறும்பு போல இருந்த எழுத்து ஆகஸ்டில் சுவர் விளம்பரம் போலப் பெரிதாகியிருந்ததையும் அப்போதுதான் கவனித்தார். ஐந்து சீட்டு, ஐந்து பச்சை டிக். ஒவ்வொரு டிக் போடும்போதும் புத்தகம் வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறார். பாஷாவின் கால் கட்டைவிரலை டாக்டர்கள் எடுத்த பிறகு நாலு வருஷம் தினமும் அந்தக் காலைக் கழுவிக் கட்டுப் போட்ட கை அவருடையது. அந்தக் கைதான் இதற்கும் டிக் போட்டிருக்கிறது. அவரவர் வரி அந்தந்தப் புத்தகத்தோடு போய்விட்டதால், ஒரே ஆளின் வரிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

“செருப்பக் கழட்டு.”

“இன்னா பாயம்மா, காலெல்லாம் காட்டிக்கினு...”

“கழட்டுய்யா.”

சுண்டு விரல் ஓரத்தில் புண் இருந்தது. அழுத்திப் பார்த்தார். வடிவேலு முகம் சுளிக்கவில்லை.

“வலிக்குதா?”

“இல்லியே. அதான் கண்டுக்காம வுட்டேன்.”

“வலிச்சிருந்தா தேவல. உனக்கு வேல புடிக்காம இல்ல வடிவேலு. பாத்தா எங்க வூட்டுக்காரருக்கு இருந்த சக்கர மாதிரி கீது. நான் டாக்டரு இல்ல, காலைல வெறும் வயித்துல போய் ரத்தம் குடு. சக்கர இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, மத்தியானம் நானே கூட வந்து உன் லெட்டரக் குடுக்கறேன்.”

“எங்க வூட்ல யாருக்கும் சக்கர கெடயாது.”

“எல்லா வூட்லயும் ஒருத்தரு மொதல்ல ஆரம்பிச்சுத்தான் வைக்கணும்.”

வடிவேலு பதில் சொல்வதற்குள் அவர் மனைவி பொன்மணிக்கு ஹாஜிரா பீ போன் போட்டுவிட்டார். “பொன்மணி, ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பாடு. அப்பறம் தண்ணி மட்டுந்தான். காலைல காப்பி கெடயாது. ஆட்டோ வெச்சுக் கூட்டினு போ. அவர வண்டி எடுக்க வுடாத, கண்ணு மங்குதாம்.”

“காப்பி இல்லாட்டி அவரு எழுந்திருக்கவே மாட்டாரு பாயம்மா.”

“ராத்திரில மூணு வாட்டி எழுந்துக்கறாரே, அது எந்தக் காப்பிக்கு?”

“சரி பாயம்மா. நான் இட்டுனு போறேன்” என்றாள் பொன்மணி.

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. மாத்திரை கொடுத்து, புண்ணுக்கு மருந்து கட்டி, பார்வை தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். வடிவேலு கம்பெனிக்குப் போன் செய்து மூன்று வாரம் மருத்துவ விடுப்பு சொல்லியிருந்தார்.

“டிபன் வண்டி?” என்றார் ஹாஜிரா பீ.

“மொதல்ல சக்கர எறங்கட்டும். அப்பறமும் ஆச இருந்தா பாத்துக்கலாம்.”

“அந்த லெட்டரக் குடு.”

வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. கத்திரியால் நான்காக வெட்டி, ஒன்றில் ‘செய்தது’ என்று எழுதி நீட்டினார். வடிவேலு பெரிய எழுத்தில், ‘வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தேன்’ என்று எழுதினார். ஹாஜிரா பீ டிக் போட்டார். ஆனால் அதைப் புத்தகத்தில் ஒட்டவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றின் மேல் வடிவேலுவின் பெயரை எழுதி, அதன் முதல் பக்கத்தில் ஒட்டினார்.

அவர்கள் போன பிறகு வெந்நீரும் பஞ்சும் எடுத்துவந்து, மற்றப் புத்தகங்களின் கடைசிப் பக்கச் சீட்டுகளை ஒவ்வொன்றாக நனைத்து உரிக்க உட்கார்ந்தார். இரண்டாவது நோட்டின் மேல் ருக்சார் என்று எழுதினார்.