எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடம்

மனோர் பார்க்கில் எங்கள் வாசலில் நின்றால், மகள் படித்த பள்ளிக்கூடம் தெருவுக்கு எதிர்ப்பக்கம் தெரியும். பிள்ளைகள் குறைந்துபோனதால் அதை மூடப்போவதாகச் செய்தி வந்தபோதுதான், நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லை எங்கள் தெருவின் நடுவால் போகிறது என்று அறிந்தேன்.

இந்த நாட்டுக்கு வருமுன் ஊரில் பள்ளிக்கூட அலுவல் என்றால் எம்.பி.யிடம்தான் போவோம். அந்தப் பழக்கத்தில், மனைவி சுட்ட பயற்றம் பணியாரத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அங்கிள், ஸ்கூல் மற்ற எம்.பி.யின்ரை ஏரியா. நாங்கள் அதிலை தலையிட ஏலாது."

மற்றவரின் அலுவலகத்தில் என் போஸ்ட்கோடைப் பார்த்துவிட்டு, உங்கள் எம்.பி.யிடமே போங்கள் என்றார்கள். பணியாரத்தை இரண்டு இடத்திலும் வாங்கவில்லை. அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பது விதியாம். வரும் வழியில் பஸ்ஸில் இருந்துகொண்டு நானே தின்று தீர்த்தேன்.

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இடைவேளை நேரமானால் கை தன்பாட்டில் ஜன்னலைத் திறக்கிறது, திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். கட்டடம் அவர்களுடைய தொகுதியில்தான் இருந்தது, சரி. பிள்ளைகளின் சத்தம் எங்கள் வீட்டுக்குள் அல்லவா இருந்தது.