விஜயவாடா வரை வெட்டியது

அன்று டாலிகஞ்ச் வீட்டில் இருந்தது நான், மனைவி, மகள் மூவர்தான். நாற்பது பக்கம் குறைத்தால்தான் என் முதல் நாவலை அச்சிடுவேன் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான்; ஒரு வரியை எடுத்தாலும் மொத்தமும் சரிந்துவிடுமோ என்று எதையும் தொடாமல் வைத்திருந்தேன்.

வங்காளப் பள்ளியில் படிக்கும் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால், நாயகி ஹவுராவில் ரயிலேறிச் சென்னை போகும் அத்தியாயத்தை உரக்கப் படித்தேன். புவனேஸ்வரிலேயே மனைவி கொட்டாவி விட்டாள்.

"அந்த ரயில்ல நாம படற அவஸ்தை போதாதா? படிக்கிறவங்களும் படணுமா?"

விஜயவாடா வந்ததும் மகள் நிமிர்ந்தாள்.

"அப்பா, இப்பதானே அவ வாயத் திறக்கறா! இங்கேர்ந்து ஆரம்பியேன்."

எண்ணினேன். நாற்பத்திரண்டு பக்கம் போயிற்று, நாவல் சரியவில்லை. வெட்டியதையும் சேர்த்துப் பிரிண்ட் போட்ட கடைக்கு மட்டும் இன்னும் முந்நூற்று நாற்பது ரூபாய் தரவேண்டும்.