சந்தனப் பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

அரைத்த சந்தன வாசனை வந்தாலே எனக்குக் கூடவே ஒரு சத்தமும் கேட்கும்... சின்னதாய் ஒரு 'கிர்ர்ர்'. என் முதல் ஹார்டு டிஸ்க் சுற்றுகிற சத்தம் அது.

தென்காசியில் நானும் அண்ணனும் கல்யாண வீடியோ வேலை ஆரம்பித்த புதிது. அவன் எடுப்பான், நான் வீட்டில் லேப்டாப்பில் எடிட் பண்ணுவேன். லேப்டாப்பில் ஒரு கல்யாணத்துக்கே இடம் பத்தாது. வெளியே மாட்டுகிற டிஸ்க் வாங்கப் போனோம். எஸ்எஸ்டி என்றால் உள்ளே எதுவும் சுற்றாது, வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். ஆனால் அதே காசுக்குச் சுற்றுகிற டிஸ்க்கில் பல மடங்கு இடம்.

ஆசை யாரை விட்டது... பெரிசையே கேட்டேன். அவர் டிஸ்க்கைத் தனியாக எடுத்து, கேபிள் சொருகுகிற சர்க்யூட் உள்ள ஒரு கருப்பு டப்பாவுக்குள் வைத்து, கண் முன்னாலேயே ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தார்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் சுந்தரபாண்டியபுரத்து இசக்கிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். தாலி கட்டு, குற்றாலச் சாரலில் இருவரும் நனைந்து சிரித்தது, எல்லாம் அந்த ஒரு டிஸ்க்கில்தான். மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. இன்னொரு காப்பி வேண்டும் என்ற புத்தி அப்போது யாருக்கு இருந்தது?

ஆயுதபூஜை வந்தது. கேமரா, லேப்டாப், ட்ரைபாட் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். சோறு போடுகிற டிஸ்க் என்று அதற்கு மட்டும் சந்தனம் கொஞ்சம் தாராளம். நீர்க்க வேறு கரைத்திருந்தேன். அது வழிந்து கேபிள் சொருகுகிற ஓட்டைக்குள் இறங்கியதை நான் பார்க்கவில்லை. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடவும் கூடாதே...

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துச் சொருகினேன். லேப்டாப் டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

கேபிளைக் கழற்றிக் கழற்றிச் சொருகினேன். அந்த நேரம் பார்த்து இசக்கியிடமிருந்து போன். "எக்கா, இவுக திங்கக்கெழம கெளம்புதாக. அங்கன சிக்னல்லாம் கெடையாதாம். வீடியோவ கையில குடுத்து விடணும்க்கா."

சரி என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

டிஸ்க் விற்ற கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும், ஒரு மாசம் ஆகும் என்றார். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. "போனது போச்சு. அவுக வீட்டுல போயி உண்மையச் சொல்லிருவோம்ட்டி" என்றான்.

எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி சொருகி, டப்பாவைக் காதோடு வைத்தேன். கிர்ர்ர்...

"சுத்துதுலா? அப்பம் உள்ள உசுரு இருக்கு. டப்பாதான் கெட்டுருக்கு" என்றேன்.

தையல் மிஷின் டப்பாவில் கிடந்த குட்டி ஸ்க்ரூ டிரைவரால் திறந்தேன். ஓட்டையில் சந்தனம் காய்ந்து, கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. உள்ளே டிஸ்க் பளபளவென்று இருந்தது. அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அண்ணனின் வண்டியில் போய், வேறு டப்பா கேட்டுக் கடை கடையாக ஏறினேன். இல்லை, இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். நாலாவதாக ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் பழைய காலி டப்பா ஒன்று இருந்தது. அங்கேயே மாட்டச் சொன்னேன்.

திரையில் இசக்கி தலை குனிந்து தாலி வாங்கிக்கொண்டிருந்தாள். கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ ஒரு பென் டிரைவில் அவள் கைக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை அதைச் சட்டைப் பையில் வைத்து பட்டன் போட்டுக்கொண்டாராம்.

இப்போது எடிட் பண்ண எஸ்எஸ்டி, சேமித்து வைக்க இரண்டு பெரிய டிஸ்க். ஒன்று என்னிடம், ஒன்று சிவகிரியில் அண்ணி பிறந்த வீட்டு பீரோவில். இரண்டிலும் ஏறாமல் ஒரு கார்டைக்கூட நான் அழிக்க விடுவதில்லை. அண்ணன் முணுமுணுப்பான்... முணுமுணுக்கட்டும்.

ஆயுதபூஜைக்கு இப்போதும் பொட்டு உண்டு. எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்து அந்தக் கெட்டுப்போன கருப்பு டப்பா ஒன்றுக்கு மட்டும்.

எஸ்எஸ்டி சத்தமே போடாது. நல்ல பொருள்தான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு தடவை சொருகும்போதும் குனிந்து, ஒரு நிமிஷம் காதை வைத்துப் பார்க்கிறேன்...