மாமாவின் இழுப்பு

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பசி இருந்தது. அப்பாவுக்கு மட்டும் அதோடு ஆசனப் பைத்தியமும் இருந்தது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா என்று நாலு பேர். எனக்கு அப்போது எட்டு வயது.

பொழுது புலரும்போதே அப்பா சிமெண்டுத் தரையில் இரண்டு கோணிச் சாக்குகளை விரித்துவிடுவார். ஒன்று அவருக்கு, இன்னொன்று மாமாவுக்கு. மாமாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மலைக் குளிரில் அது முற்றிப்போய், மண்வெட்டியைத் தூக்கினாலே நெஞ்சு விசிலடிக்கும். மருந்து கிடைக்காத காலம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்தது வெந்நீரும் ஆறுதலும்தான். மூச்சுப் பயிற்சியும் ஆசனமும் செய்தால் ஆறு மாதத்தில் குணமாகும் என்று அப்பா முடிவு கட்டினார். மாமாவை யாரும் கேட்கவில்லை.

மாமா மூச்சை அடக்கும்போது எண்ணுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் அப்போது ஜப்பானிய எண்கள்தான் பாடம் என்பதால் இச்சி, நீ, சான் என்று எண்ணுவேன். வேகமாக எண்ணினால் தன் பங்குக் கிழங்கில் ஒரு துண்டு எனக்கு என்று மாமா ரகசியமாகப் பேசி வைத்திருந்தார். அப்பா மூடிய கண்ணைத் திறக்காமலே, “பாப்பா, நடுவுல ரெண்டு நம்பரைக் காணோமே” என்பார். வெறும் வயிற்றில்தான் செய்யவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். “அதுக்கென்ன மச்சான், நம்ம வயிறு எப்பவும் தயார்தான்” என்பார் மாமா.

அது முடிந்ததும் பெரட்டுக் களத்துக்கு ஓடவேண்டும். வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் அந்தத் திடலில், ஜப்பானியர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கைகாலை வீசச் சொல்வார்கள். பிறகு தேயிலையைப் பிடுங்கிய சரிவில் நாள் முழுக்கக் கிழங்குக்கு மண் கொத்து. “காலையில மச்சானுக்கு, அப்புறம் ஜப்பான்காரனுக்கு, அப்புறம் கிழங்குக்கு. இருக்கிறது ஒரு ஒடம்புதான்லா” என்று மாமா அம்மாவிடம் புலம்புவார்.

அவரிடம் நிஜ இழுப்பும் உண்டு, வேண்டும்போது வரும் இழுப்பும் உண்டு. நிஜமானது வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்ப்பார். மற்றதில் ஒரு கண் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

மழை ஓய்வதற்குள் நிஜ இழுப்பு நின்றே போனது. மாமா இரண்டு டின் தண்ணீரோடு சரிவேறி வந்து, இறக்கி வைக்குமுன் ஒரு பாட்டும் பாடினார். அப்பா அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்கடுத்த வாரம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வந்தார். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். இரண்டு ஆண்கள் இருக்கும் வீட்டில் திடமானவனை எடுப்பார்கள், நாளைக் காலையில் ஜப்பானிய அதிகாரி ஓடவிட்டுப் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று ராத்திரி சோறு இல்லை. கிழங்கைத் தின்று முடித்த பிறகு அப்பா, “மாப்ள, நாளைக்குப் பாதியில உக்காந்துரு. நல்லா இழு. நான் போய்ட்டு வந்துடறேன்” என்றார்.

“சரி மச்சான்” என்றார் மாமா.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதையும் பாதியில் விடாதே என்று தினமும் அதட்டுகிறவர் அப்பா. அம்மா இருவரில் யாரையும் பார்க்காமல் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இலை நிறுக்கும் கொட்டகையிலிருந்து மேட்டுத் தண்ணீர்த் தொட்டிவரை ஓடித் திரும்பவேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டு முறை வந்தபோது அப்பா எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மாமா பின்தங்கி, தலையைக் குனிந்துகொண்டு, மூச்சை எண்ணுகிறவர் போல நிதானமாக ஓடினார். தொட்டிக்குப் பக்கத்தில் அப்பாவை முந்தினார். அப்பா எட்டி அவர் சட்டையைப் பிடித்ததும், சட்டை கிழிந்ததும் கீழே இருந்த எனக்கே தெரிந்தது. அழுகுணி ஆட்டம் என்று நான் கத்தினேன்.

மாமா வந்து அதிகாரி முன் நேராக நின்றார். “உனக்கு இழுப்புன்னாங்களே?” என்று கிராணி தாழ்ந்த குரலில் கேட்டார். தப்பிக்க அவர் கொடுத்த இடம் அது. “அது போயிருச்சுங்க. தினமும் வீட்ல ஆசனம் செய்றேன்” என்று சொல்லி, மாமா மூக்கால் ஒரு நீண்ட மூச்சை இழுத்துக் காட்டினார். விசில் இல்லை, இருமல் இல்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே அவர் நெஞ்சில் தட்டினார்.

பின்னால் வந்து சேர்ந்த அப்பா, மூச்சு வாங்கியபடி, “பொய்ங்க! அவன் நோயாளி, என்னை எழுதிக்கோங்க!” என்று கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. மத்தியானமே மாமாவை ஏற்றிய லோரி, மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போகும் பாதையில் இறங்கிவிட்டது. போருக்குப் பின் சயாமிலிருந்து திரும்பிய கொஞ்சப் பேரில் மாமா இல்லை. அப்பா பிறகு ஒருநாளும் சாக்கை விரிக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இருந்தது சந்தோஷம்தான். வீடு வீடாகப் போய், எங்கள் மாமா முதலாவது வந்துவிட்டார் என்று சொன்னேன். எதிர்வீட்டு அக்கா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்பா தோற்றுப்போனதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, “அழாதீங்கக்கா, அப்பாவும் ரெண்டாவது வந்துட்டாங்க” என்று அவளைத் தேற்றினேன்.