செட்டல் மாரிமுத்துவும் நான் குடிக்காத தேநீரும்

மாரிமுத்து மண்டோர் இறந்துவிட்ட செய்தி என் தம்பி செல்வம் வழியாகத்தான் எனக்கு வந்தது. நான் நீலாய் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, தலைவரு போயிட்டாரு," என்றான் கைப்பேசியில். குரல் உடைந்திருந்தது. எனக்கு வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். அந்த மனிதருக்காக யார் வேண்டுமானாலும் அழட்டும், என் தம்பி அழக்கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லாபு பக்கத்துத் தோட்டத்தில் அவரோடு வாழ்ந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர், பிறகு கோயில் தலைவரானார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'செட்டல்' மாரிமுத்து. எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும், "செட்டல் பண்ணிடலாம் லா," என்பார்.

நான் அதே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அந்த ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால், "மண்டோர் தாத்தா செய்யிறது, டீச்சர்," என்று பிள்ளைகள் சொல்வார்கள். அகராதியைத் திறந்தால் அது ஒரு பத்தியில் அடங்காது. வழக்கை முடிப்பதும் அதுதான், கடனை அடைப்பதும் அதுதான். புது ஊரில் குடியேறுவது, கல்யாணமாகி நிலைகொள்வது, அழுகிற பிள்ளை அடங்குவது, பறவை கிளையில் வந்து உட்காருவது, கலங்கிய தண்ணீரில் வண்டல் அடியில் படிவது, எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயனுக்கு அந்த ஒரே சொல் போதும். அதற்கு மாற்றுச் சொற்களும் ஏராளம். சமரசம், உடன்பாடு, தீர்வு, அமைதி என்று நாமும் தமிழில் அடுக்கிக்கொண்டே போகலாம். நியாயம் என்பதற்கு அது மாற்றுச் சொல் என்று மட்டும் நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் சாலை முக்கிலிருந்த ஒட்டுக்கடைக்குக் கூப்பிடுவார். எல்லாருக்கும் நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீர் சொல்வார். அது மேசைக்கு வரும்வரை மழையைப் பற்றிப் பேசுவார், கோழி விலையைப் பற்றிப் பேசுவார். வந்ததும், "மொதல்ல குடிங்க," என்பார். குடித்துவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதன் பிறகு அந்த விஷயத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. இதில் அவர் கெட்டிக்காரர்தான். போலீஸ் பிடித்துப்போன பையன்கள் வீடு திரும்பியதும், பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டி சேர்ந்ததும் அந்த மேசையில்தான். தோட்டம் விற்கப்பட்டு தொழிலாளர் லயத்து வீடுகளை இடிக்க வந்தபோது, மாற்று வீடு தராமல் ஒரு ஓட்டைக்கூடப் பிரிக்க விடமாட்டேன் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவர் அவர். என் தலைக்கு மேல் இருக்கும் கூரை அப்படி வந்ததுதான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன்.

ஆனால் செல்வத்தின் விஷயம் வேறு. அவன் அப்போது தோட்டத்துக் குலை ஏற்றும் குத்தகைக்காரரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வைத்தே மண்டோரிடம், "அண்ணே, பிரேக்கு சுத்தமா பிடிக்க மாட்டேங்குது, காண்ட்ராக்டர்கிட்ட சொல்லுங்க," என்றான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "நாளைக்கு ஒரு நடை மட்டும் போயிட்டு வந்திருப்பா, அப்புறம் செட்டல் பண்ணிடலாம்," என்று மண்டோர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

மறுநாள் காலை குலை ஏற்றிய லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கீழே பெரட்டுக் களம். வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். செல்வம் வண்டியை ஒடித்துச் செம்பனை மரத்தில் கொண்டுபோய் மோதினான். களத்தில் நின்ற ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்று களத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மாரிமுத்து மண்டோர். செல்வத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

பையன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று குத்தகைக்காரர் சொன்னார். நான் போலீசில் ரிப்போட் செய்யப் போகிறேன் என்றதும் மண்டோர் எங்களை ஒட்டுக்கடைக்குக் கூப்பிட்டார். செல்வம் ஊன்றுகோலோடு வந்தான். தேநீர் வந்தது.

"ஆஸ்பத்திரி செலவ காண்ட்ராக்டர் பாத்துக்குவாரு. தம்பிக்கு ஜாகா வேல போட்டுக் குடுப்பாரு, கேட்டுல உக்காந்திருந்தா போதும். யாரு தப்புன்னு இனிமே யாரும் பேச வேணாம். ரிப்போட்டும் வேணாம். குடிங்க," என்றார்.

"பிரேக்கு இல்லன்னு ஒரு வார்த்த இங்க சொல்லுங்கண்ணே. அப்புறம் குடிக்கிறேன்," என்றேன்.

"அதெல்லாம் ஏன் டீச்சர் கெளறுறீங்க. ஆறிப்போவுது லா, குடிங்க."

செல்வம் குடித்தான். கால் போனவனுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவனை நான் குறை சொல்லமாட்டேன். என் டம்ளர் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். அவன் வேலை போய்விடுமே என்று ரிப்போட்டும் செய்யவில்லை.

யாரும் பேசக் கூடாது என்றால், ஏற்கெனவே பேசியது மட்டும்தான் மிஞ்சும். மிஞ்சியது குத்தகைக்காரர் சொன்னது. உங்களில் பலர் உயிரோடு இருப்பதே அவன் வண்டியை ஒடித்ததால்தான். நீங்களே அவனைக் 'குடிகார டிரைவர்' என்றீர்கள். கோலா பிலாவில் பேசி முடித்திருந்த பெண் வீட்டாரும் அதைக் கேள்விப்பட்டு வேண்டாம் என்றார்கள். அதன் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி மண்டோர் என் வீட்டுக்கு வந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே, "தம்பி இன்னும் செட்டல் ஆவலியா, டீச்சர்?" என்று விசாரிப்பார். அந்தக் கேள்வியை நான் மன்னிக்கவே இல்லை. இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். போனேன். மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க டீச்சர்," என்றார், பழைய அதே குரலில். நானும் பழையதையே கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது அப்பவே செட்டல் ஆன விஷயம்," என்றார். அந்தத் தேநீரையும் வைத்துவிட்டு வந்தேன். சாகப்போகிறவரிடம் இத்தனை பிடிவாதம் ஏன் என்று செல்வம் கோபித்துக்கொண்டான்.

இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் அவருடைய மகன் குமரேசன் என் வீட்டுக்கு வந்தான். பதினாறாம் நாள் கோயில் மண்டபத்தில் வாசிக்க அப்பாவைப் பற்றி நான்கு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்றான். நல்ல வார்த்தை என்னிடம் இல்லை என்றேன். அதற்கு அவன் சொன்னான்:

"வீட்டுல சொல்லுவாரு, டீச்சர். 'பிரேக்கு இல்லாத வண்டிய நான்தான் போகச் சொன்னேன், செல்வம் ஒடிக்கலேன்னா நான் அன்னைக்கே செத்துருப்பேன்'னு. சோத்துல கை வச்சுக்கிட்டு சொல்லுவாரு. வெளிய சொல்ல மட்டும் வாய் வரல அவருக்கு."

சொந்தச் சமையற்கட்டில் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, இருபதடி தள்ளியிருந்த என் வீட்டில் வந்து சொல்லத் தெரியவில்லை. "அப்படின்னா நான் எழுதுறதுல ஒரு எழுத்துகூட மாத்தாம நீயே படிக்கணும்," என்றேன். "படிக்கிறேன் டீச்சர்," என்றான்.

ஆகவே, கூடியிருக்கும் உறவுகளே, இதை எழுதியவள் நான். ஆனால் இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மாரிமுத்து மண்டோரின் மகனுடைய குரல். செல்வம் குடித்திருக்கவில்லை. வண்டிக்குப் பிரேக் இல்லை. அது மண்டோருக்குத் தெரியும். முன் வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, அநேகமாக இப்போதும் அவருக்காக அழுதுகொண்டு, என் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவனை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

மண்டோரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என் வீட்டுக் கூரையையும் ஆறிப்போன இரண்டு டம்ளர் தேநீரையும்தான். அவரைப் பற்றி இன்னொன்றையும் மறக்கமாட்டேன்: அவர் வளர்த்த பிள்ளை இதைக் கடைசிவரை படித்துவிட்டான்.

குமரேசா, தாளை மடித்து வை. எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு. குடிக்கிறேன்.