ராக்கம்மாளுக்கு ஒரு புதுப் பை

பஸ்ஸில் இருக்கை காலியாகக் கிடந்தாலும் ராக்கம்மாள் நின்றுகொண்டேதான் வருவாள். பள்ளுருத்தியில் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கும்வரை கம்பிதான் துணை. உட்கார்ந்து எழுந்தால் இருக்கை நனைந்திருக்குமோ என்ற பயம். ஒருமுறை நனைந்தும்விட்டது. கண்டக்டர் அதைப் பஸ் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான், ஏதோ பொதுநலச் சேவை செய்கிறவன்போல.

நோய் ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அவள் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. விடியுமுன் துடைப்பத்தோடு கடைவீதியில் இறங்கினால் மத்தியானம்வரை அடக்கிவைக்க வேண்டும். ஆண்களுக்குக் கவலை இல்லை. மிளகுக் கிடங்கின் சுவர் முழுக்க அவர்களுக்கே பட்டா. அந்தச் சுவரடியைக் கழுவி பிளீச்சிங் பொடி தூவுவது ராக்கம்மாளின் வேலை. பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று யூனியன் கொடி பிடித்து எத்தனையோ தடவை தொண்டை கிழியக் கத்தியாயிற்று. மேலிடமும் ரொம்பக் கருணையோடு அதைப் பரிசீலித்துக்கொண்டே இருந்தது. மூத்திரப்பைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தளர்ந்து, கெட்டுப்போய், நினைத்த நேரத்தில் கசிய ஆரம்பித்தது.

2006-இல் ஒருநாள் காலை, மகள் மஞ்சுஷா மலையாளப் பத்திரிகையை விரித்துக்கொண்டு கூவினாள்.

"அம்மா, இது கேட்டியா? அமெரிக்காவுல சின்னப் பிள்ளைங்களுக்குப் புது மூத்ரசஞ்சி வளத்து வெச்சாங்களாம். அவங்கவங்க கோசத்துல இருந்தே! இனி வித்துகோசம் வெச்சும் பண்ணலாமாம்."

மலையாளத்தில் கோசம் என்றால் உடம்பிலுள்ள செல். தமிழ்க் காதுக்கு, அதுவும் யூனியன் காதுக்கு, அது கோஷம் என்றுதான் விழுந்தது.

"கோஷம் போட்டா பை வளருமா மோளே? அப்ப எனக்கு இதுக்குள்ள பத்துப் பை வளந்திருக்கணுமே!"

மஞ்சுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விளக்கினாள்: விதை மாதிரி ஒரு கோசம் உண்டு, அது எதுவாகவும் வளருமாம். ராக்கம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. பஸ்ஸில் நாலு பேரைப் போல உட்கார்ந்து, ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்ற ஆசை. லீவு சொல்லிவிட்டு எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் வெங்கடேஸ்வரன் நல்ல மனிதர், கேட்டுச் சிரிக்கவில்லை.

"பேப்பர்ல வந்தது சரிதான் அம்மே. பட்சே அது இங்க வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும்."

ராக்கம்மாளுக்கு அழுகை முட்டியது. கீழே கசிவது போதும், கண்ணும் எதற்கு என்று அடக்கிக்கொண்டாள். அடக்குவதில் அவளுக்குப் பயிற்சி உண்டே.

"வந்தா எனக்கும் கிட்டுமா சாரே?"

"கிட்டும்னே வெச்சுக்கோங்க. பட்சே புதுசு வந்தாலும் மூத்திரத்தை இப்படிப் பிடிச்சு வெச்சா அதுவும் கேடாகும்." டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "அதுவரைக்கும் இருக்கிறதைக் காப்பாத்துங்க. வேலை நேரத்திலயும் ரெண்டு மணிக்கூருக்கு ஒருதரம் ஒண்ணுக்குப் போயிரணும். கேட்டோ?"

"போறேன் சாரே," என்றாள் ராக்கம்மாள். "எங்கேன்னு அந்தச் சீட்டுலயே எழுதித் தாங்க."